மிச்சப் பொன்

சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயத்தில் ஓர் உவமை வருகிறது. ஒரு நிலத்துக்கு அடியில் பொற்புதையல் கிடக்கிறது. நிலத்தை அறியாதவர்கள் தினமும் அதன் மேலேயே போகிறார்கள், வருகிறார்கள்; காலடியில் இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அதுபோல உயிர்கள் நாள்தோறும் ஆழ்ந்த உறக்கத்தில் பிரம்மத்தைத் தொட்டுவிட்டு, தொட்டது தெரியாமலே திரும்பிவிடுகின்றன என்பது அதன் பொருள். இந்த உவமை மேற்கு ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி நகரத்தில் 1896ஆம் ஆண்டு ஏறக்குறைய அப்படியே நடந்தது. 1893 ஜூனில் பாடி ஹானன் என்ற அயர்லாந்துக்காரரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் அங்கே பொன்னைக் கண்டார்கள். மேல்மண்ணில் இருந்தது கண்ணுக்குத் தெரியும் பொன், அள்ளி எடுத்தார்கள். ஆழமாகப் போகப் போக வெளிறிய பித்தளை நிறத்தில் ஒரு கனிமம் வந்தது. முட்டாளின் பொன் என்று பெயர் வாங்கிய இரும்புக் கந்தகக் கல்லாகத்தான் இருக்கும் என்று நினைத்து அதைக் குப்பையில் போட்டார்கள். புது ஊருக்குச் சாலை வேண்டியிருந்தது; அந்தக் கல்லைப் போட்டுப் பள்ளங்களை நிரப்பினார்கள், அதைக் கொண்டு கட்டடமும் கட்டினார்கள். பிறகுதான் அது டெலூரியமும் பொன்னும் சேர்ந்த காலவெரைட் என்று தெரிந்தது. அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு பொன். ஊர் தன் சாலைகளைத் தானே தோண்டியது என்று கால்கூர்லியில் இன்றும் சொல்கிறார்கள்.

இங்கிருந்து ஒரு பழைய தத்துவக் கேள்வி எழுகிறது. மூன்று ஆண்டுகள் வண்டிச் சக்கரங்கள் உருண்ட அந்தச் சாலையில் பொன் இருந்ததா? இருந்தது என்பதுதான் சாங்கியரின் பதில். காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்துக்குள் இருக்கிறது என்பது அவர்களுடைய சற்காரியவாதம். எள்ளில் எண்ணெய் இருப்பதால்தான் செக்கில் ஆட்டினால் வருகிறது. மணலை எத்தனை நாள் ஆட்டினாலும் வராது. இல்லாததிலிருந்து எதுவும் பிறக்காது, மறைந்திருந்தது வெளிப்படுகிறது, அவ்வளவுதான். நியாயவாதிகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏற்கெனவே இருக்கிறதென்றால் செக்கு எதற்கு, ஆட்டுகிறவன் எதற்கு என்று கேட்டார்கள். குடம் மண்ணில் இல்லை. குயவன் வனைந்த பிறகு புதிதாக உண்டாகிறது என்றார்கள். காலவெரைட்டைப் பொறுத்தவரை சாங்கியர் கட்சிக்கு வலுவான சாட்சி உண்டு. அந்தக் கல்லின் துண்டு ஒன்றைச் சூடுபடுத்தினால் டெலூரியம் புகையாகப் போய்விடும். கல்லின் மேற்பரப்பில் வியர்வை அரும்புவதுபோலப் பொன் துளிகள் அரும்பும். யாரும் எதையும் சேர்க்கவில்லை. உள்ளே இருந்தது வெளியே வந்தது.

பொன்னைப் பற்றிய கேள்வி இத்துடன் முடிந்துவிடும். பழைய சுரங்கத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கேள்விக்கு இது போதாது. கால்கூர்லியின் பழைய சுரங்கங்களை விழுங்கி வளர்ந்த 'சூப்பர் பிட்' என்னும் திறந்தவெளிச் சுரங்கம் இன்று ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளம், 1.5 கிலோமீட்டர் அகலம், 600 மீட்டருக்கு மேல் ஆழம். பொன்மைல் என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியிலிருந்து இதுவரை 1,500 டன்னுக்கு மேல் பொன் எடுத்தாயிற்று. அதன் அடியிலும் பக்கச் சுவர்களுக்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்று அறியத் துளையிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். துளையிலிருந்து வருவது கைப்பிடி கனத்தில் ஒரு பாறை உருளை. அதைத் தட்டுகளில் வரிசையாக அடுக்கி, வைர ரம்பத்தால் நெடுக்காக இரண்டாக அறுக்கிறார்கள். ஒரு பாதி அரைபடப் போகிறது. அரைத்த மாவில் முப்பதோ ஐம்பதோ கிராம் எடுத்து, ஈய ஆக்சைடோடு கலந்து, மூசையில் இட்டு, ஆயிரம் டிகிரிச் சூட்டில் உருக்குகிறார்கள். பாறையின் பொன் முழுவதையும் ஈயம் தன்னோடு சேர்த்துக்கொண்டு அடியில் குண்டாகத் தங்கும். அந்த ஈயக் குண்டை எலும்புச் சாம்பலில் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து மறுபடி உலையில் வைத்தால் ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும். கடைசியில் கிண்ணத்தின் நடுவில் மிஞ்சுவது கடுகைவிடச் சிறிய ஒரு மணி. நம் பொற்கொல்லர் புடம் போட்டு மாற்றுப் பார்த்ததும் இதுவும் ஒரே மரபின் கிளைகள்தாம். அந்த மணியின் எடையிலிருந்து ஒரு மலையின் பொன்னைக் கணக்கிடுகிறார்கள்.

அப்படிக் கணக்கிட்டதை எப்படிச் சொல்வது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஜோர்க் என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. 1969இல் பொசைடன் என்ற நிறுவனம் நிக்கல் கண்டதாகச் செய்தி வந்ததும், ஒரு டாலருக்கும் கீழே கிடந்த அதன் பங்கு சில மாதங்களில் 280 டாலருக்கு ஏறி, பிறகு சரிந்து பலரை அழித்தது. அந்தச் சூட்டில்தான் இந்த விதிகளுக்கான குழு அமைந்தது. விதித்தொகுப்பு முதலில் 1989இல் வந்தது. அதைப் படிக்கிற எவருக்கும் நியாய சாத்திரம் நினைவுக்கு வராமல் போகாது. நிலத்தடி வளத்தை அது மூன்று படிகளில் வைக்கிறது: அனுமானிக்கப்பட்டது, சுட்டிக் காட்டக்கூடியது, அளக்கப்பட்டது. துளைகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உறுதி. அறிக்கையில் தகுதியுள்ள ஒருவர் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். அந்த வகைப் படிவத்தில் அவருக்குக் குறைந்தது ஐந்தாண்டு அனுபவம் இருக்க வேண்டும். அனுமானமும், நம்பத்தக்கவர் சொல்லான ஆப்த வாக்கியமும் பிரமாணங்களாக இப்படிப் பங்குச் சந்தையில் வந்து நிற்பதை நான் கேலியாகச் சொல்லவில்லை. காணாத ஒன்றைப் பற்றி உண்மை பேசுவது எப்படி என்ற கவலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆனால் அந்த விதித்தொகுப்பில் ஒரு நிபந்தனை இருக்கிறது; என் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஒரு பாறையில் பொன் இருந்தால் மட்டும் அதை வளம் என்று சொல்லிவிட முடியாது. என்றாவது ஒருநாள் லாபத்தோடு அதை எடுக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும். அந்த வளத்திலும், இன்றைய விலையில், இன்றைய செலவில், இன்றைய சட்டத்தில் எடுக்கக்கூடிய பகுதி மட்டுமே இருப்பு. ஆகவே 'மிச்சப் பொன்' என்பது பாறைக்குள் இருக்கும் ஒரு பொருளின் பெயர் மட்டும் அல்ல. பாறைக்கும் நமக்கும் இடையிலுள்ள ஓர் உறவின் பெயர். சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் சாங்கியத்தைவிடத் துல்லியமாகப் பேசுகிறது. மெய்கண்டார் மரபும் சற்காரியத்தை ஏற்பதுதான். ஆனால் குடம் வெளிப்பட மண் மட்டும் போதாது என்று அது அழுத்திச் சொல்கிறது. மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மூன்றும் கூடினால்தான் குடம். கால்கூர்லியில் பாறை முதற்காரணம். துணைக்காரணங்களின் பட்டியல் நீளமானது. பாலையான அந்த ஊருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. 500 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, மேட்டில் நீரை ஏற்றி, 1903இல் கொண்டுவந்தார்கள். அதைத் திட்டமிட்ட பொறியாளர் சி.ஒய். ஓ'கானர் பழிச்சொல் தாங்காமல் அதற்கு முந்தைய ஆண்டே தன்னை மாய்த்துக்கொண்டார். கொதிகலன்களுக்கு விறகாகப் பெருங்காடுகள் வெட்டப்பட்டன. 1887இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற சயனைடு முறை வந்தது. பின்னாளில், சயனைடில் கரைந்த பொன்னைப் பற்றி இழுக்கக் கரியைப் பயன்படுத்தும் முறை வந்தது. அதற்கு உலகெங்கும் விரும்பப்படுவது தேங்காய்ச் சிரட்டைக் கரி. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறும் பண்டம் அது. நாம் துருவித் தூக்கிப்போட்ட சிரட்டையும் ஏதோ ஒரு கண்டத்துப் பாறையைப் 'பொன் உள்ள' பாறையாக்குவதில் துணைக்காரணமாக நிற்கிறது. குயவனின் இடத்தில், நிமித்த காரணமாக, பொன்னை வேண்டித் தோண்டும் நாம் நிற்கிறோம்.

இந்த மூன்று காரணங்களில் ஒன்று அசைந்தாலும் மிச்சத்தின் அளவு மாறும். 1934 முதல் 1971 வரை ஒரு அவுன்ஸ் பொன்னின் அதிகாரபூர்வ விலை 35 அமெரிக்க டாலர். செலவு ஏறியது, விலை அசையவில்லை. 1970களின் நடுவில் பொன்மைலின் பெரும்பாலான சுரங்கங்கள் மூடிக்கிடந்தன. பொன் தீர்ந்தது என்றுதான் ஊர் பேசியிருக்கும். 1980 ஜனவரியில் விலை 850 டாலரைத் தொட்டது. சிரட்டைக் கரி முறையும் பெரிய லாரிகளும் வந்தன. தனித்தனியாகக் கிடந்த குத்தகைகளை ஒன்றாக்கிப் பெருங்குழி ஒன்றைத் தோண்டும் யோசனை எழுந்தது. 1989இல் அதற்கென ஒரு கூட்டு நிறுவனமும் அமைந்தது. முன்னோர் விட்டுச்சென்ற கழிவு மேடுகளைக்கூட அந்தக் காலத்தில் கரைத்து மறுபடி அலசினார்கள். 2025 அக்டோபரில் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. பாறையில் இந்தக் காலம் முழுவதும் ஓர் அணுகூடக் கூடவில்லை. ஆனால் மிச்சம் கூடியது. எடுக்க எடுக்கக் கூடும் மிச்சம் என்பது பொருளியலில் சாதாரணம். தத்துவத்தில் அதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது.

இதே கதைக்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. கோலார் தங்கவயலின் பாறையும் கால்கூர்லியின் பாறையும் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழமையான ஒரே வகைப் படிவங்கள். வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி எடுத்துக்கொடுத்த பொன் சுமார் 800 டன். 2001 பிப்ரவரி 28 அன்று, இனிக் கட்டுப்படியாகாது என்று சுரங்கம் மூடப்பட்டது. ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகளில் சுமார் மூன்று கோடியே முப்பது லட்சம் டன் கழிவு மண் இருக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் வீடுகளுக்குள் வரும். அந்த மேடுகளிலிருந்து மிச்சப் பொன்னை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. மேடு அதே மேடு. இருபது ஆண்டுகள் அது குப்பை, இப்போது வளம். அதன் நிழலில் சுவாசித்த மக்களின் நுரையீரல் மட்டும் எந்தப் பட்டியலிலும் இருப்பாக ஏறவில்லை. மிச்சம் என்று கணக்கிடுகிறவர்கள் பொன்னை மட்டும் மிச்சமாக எண்ணுகிறார்கள் என்பது என் முதல் குறை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. மேற்கு ஆஸ்திரேலியாவில் திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றைக் கைவிடும்போது அதை மண்ணிட்டு மூடுவது அரிது. விளிம்பைச் சுற்றி ஆள் ஏறமுடியாத கரை ஒன்றை எழுப்பி, குழியைக் குழியாகவே விட்டுவிடுவதுதான் வழக்கம். மூடுவதற்கு ஆகும் செலவு ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தத் தொழிலின் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. அடியில் பொன் மிச்சமிருக்கும் இடத்தை மண் போட்டு மூடினால், அந்த வளத்தை 'மலடாக்கிவிட்டோம்' என்கிறார்கள். நாளை விலை ஏறலாம், புது முறை வரலாம். ஆகவே மலடாக்கக் கூடாது. இந்தச் சொல்லைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நிலத்தின் ஒரே கருவாகப் பொன்னை வைத்துக்கொண்டால்தான் இப்படி ஒரு சொல் வரும். மண் மூடிய இடத்தில் புல் முளைக்கலாம், மழைநீர் இறங்கலாம். அந்தச் சொல்லுக்கு அதெல்லாம் பிறப்பு ஆகாது. அந்த நிலத்தில் ஹானனுக்கு முன் எண்ணற்ற தலைமுறை வாழ்ந்த தொல்குடியினர் பொன்னுக்காக மண்ணைக் கிளறவில்லை. பாறைக் குழிகளில் தேங்கும் நீர் எங்கே இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிந்திருந்த செல்வம். கால்கூர்லி என்ற பெயரே அங்கே காய்க்கும் ஒரு காட்டுக்காயின் பெயரிலிருந்து வந்தது. உபநிடதம் நிலத்தை அறியாதவர்கள் என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறது என்று இங்கே நின்று யோசிக்கத் தோன்றுகிறது. பொன்னுக்கு மேல் நடந்தும் அதைக் காணாதவர்களையா, பொன்னைத் தவிர வேறெதையும் காணாதவர்களையா?

ஆக, நான் சொல்ல வருவது இது. மிச்சப் பொன் மூன்று காரணங்கள் கூடியதால் தோன்றும் காரியம். அவற்றில் பாறை மட்டுமே மாறாதது. மற்ற இரண்டும் நம்முடைய கையில் மாறிக்கொண்டே இருப்பவை. எனவே அந்தக் காரியத்துக்கு இயற்கையான முடிவு கிடையாது. 'தீர்ந்துவிட்டது' என்று பாறை ஒருபோதும் சொல்லாது. எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு நிலவியலில் விடை தேடுவது, பசி எப்போது தீரும் என்று சோற்றுப் பானையைக் கேட்பது போன்றது.

இதற்கு முதல் மறுப்பு, விலையே எல்லை என்பது. எடுக்கிற செலவு கிடைக்கிற விலையைத் தாண்டினால் யாரும் தோண்டமாட்டார்கள், சந்தை தானாகவே போதும் என்று சொல்லிவிடும் என்பார்கள். மேலே சொன்ன வரலாறே இதற்குப் பதில். 1970களில் சந்தை சொன்ன 'போதும்' பத்தாண்டுகூட நிற்கவில்லை. விலையோடு ஏறி இறங்கும் எல்லை சுவர் அல்ல, கதவு. அதுமட்டும் அல்லாமல், செலவு என்று சந்தை எண்ணுவது லாரியின் எண்ணெயையும் ஆளின் கூலியையும் தான். சூப்பர் பிட்டில் ஓடும் பெரிய லாரி ஒரு நடையில் 225 டன் அளவுக்கு ஏற்றும். டன்னுக்கு 2 கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் அந்தச் சுமையில் இருப்பது 450 கிராம் பொன். பொன்னின் அடர்த்திக்கு அது ஒரு நெல்லிக்காயைவிடப் பெரிதாக இருக்காது. அதற்கு முன்னால், அந்தத் தாதுவை எட்டுவதற்காக எத்தனை நடை வெறும் பாறையை அள்ளிக் கொட்ட வேண்டும் என்பது வேறு. குழி ஆழமாக ஆழமாகச் சுவர் சரிந்துவிடாதிருக்க விளிம்பை அகலமாக வெட்டிக்கொண்டே போகவேண்டும். 2018 மே மாதம் கிழக்குச் சுவர் சரிந்து, அடித்தளத்தின் ஒரு பகுதிக்குப் போகும் வழியே அடைபட்டது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. உள்ளங்கை நெல்லிக்கனி என்று தெளிவுக்கு உவமை சொல்வோம். இந்த நெல்லிக்கனிக்குப் பின்னால் கிடக்கும் மலையைப் பார்க்காத வரை அந்தத் தெளிவு நமக்கு வராது.

இரண்டாவது மறுப்பு இதைவிட நேர்மையானது. அதை நான் பாதிக்கு மேல் ஏற்கிறேன். பொன் வேண்டும் என்றால் புதிய காட்டைக் கெடுப்பதைவிட ஏற்கெனவே கெட்ட குழியிலேயே மிச்சத்தைத் தேடுவது மேல் அல்லவா? உண்மைதான். அதே கிணற்றை ஆழப்படுத்துவது புதுக் கிணறு வெட்டுவதைவிடக் குறைந்த தீங்கு. கழிவு மேட்டை அலசி, பிறகு அதைப் பாதுகாப்பாக இருத்தி வைத்தால் ஊருக்கு நன்மைகூட உண்டு. ஆனால் இந்த வாதம் 'பொன் வேண்டும் என்றால்' என்று தொடங்குகிறது. அந்த 'என்றால்' எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டும். மனிதர்கள் இதுவரை மண்ணிலிருந்து எடுத்த பொன் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். பொன் துருப்பிடிக்காது, மட்காது. அதில் மிகப் பெரும்பகுதி இன்றும் பூமியின்மேல் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஆண்டுதோறும் வாங்கப்படும் பொன்னில் மின்னணுக் கருவிகளுக்கும் மருத்துவத்துக்கும் போவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கணிசமான பகுதி வங்கிகளின் நிலவறைகளில் கட்டிகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு குழியிலிருந்து எடுத்து, உருக்கி, எண் பொறித்து, இன்னொரு குழியில் வைத்துப் பூட்டுகிறோம். தாலிக்குப் பொன் தேடும் ஏழைக் குடும்பத்தின் தேவையை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தத் தேவையின் பெயரால் இந்தக் கணக்கை நியாயப்படுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.

மூன்றாவதாக ஒன்று, மெய்யியல் படித்தவர்கள் கேட்கக்கூடியது. உபநிடதமே கண்டெடுத்தலைப் போற்றுகிறதே, நிலத்தை அறிந்து புதையலை எடுப்பவன்தானே அதில் ஞானி? உவமை எங்கே முறிகிறது என்பதைக் கவனித்தால் இதற்கு விடை கிடைக்கும். அந்தப் பாடத்தில் புதையலைக் கண்டவனுக்குத் தேடல் முடிகிறது. கண்ட பிறகு இன்னும் கொஞ்சம் பிரம்மம் மிச்சம் இருக்குமோ என்று யாரும் துளையிடுவதில்லை. சுரங்கத்திலோ ஒவ்வொரு கண்டெடுப்பும் அடுத்த துளைக்குச் சான்றாகிறது. அறிவு வளர்ந்தால் தேடல் ஓய வேண்டும் என்பது ஒரு மரபு. அறிவு வளர வளரத் தேடல் பெருகுவது இன்னொன்று. ஒன்றின் உவமையை எடுத்து மற்றொன்றுக்கு ஆசி வழங்க முடியாது.

எல்லை பாறையிலும் இல்லை, சந்தையிலும் இல்லை என்றால் எங்கே இருக்கிறது? சமண மரபு இதற்கு ஒரு விடையைச் செய்முறையாகவே வைத்திருக்கிறது. துறவிக்கு முழுப் பற்றறுத்தல். இல்லறத்தாருக்கு மிகுபொருள் விரும்பாமை. இரண்டாவதற்கு இச்சா பரிமாணம் என்று இன்னொரு பெயர் உண்டு; ஆசைக்கு அளவு குறித்தல். இன்ன அளவு நிலம், இன்ன அளவு வெள்ளி, இன்ன அளவு பொன், இவ்வளவு தானியம் என்று இல்லறத்தான் முன்கூட்டியே வரையறுத்துக்கொள்கிறான். பொன்னும் வெள்ளியும் நிலமும் தத்துவார்த்த சூத்திரத்தின் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே வருகின்றன. இந்த விரதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, எல்லையை முன்கூட்டியே குறிக்க வேண்டும். வாய்ப்பு கண்ணெதிரே வந்த பிறகு குறிக்கும் எல்லை எல்லை ஆகாது. இன்னொன்று, அது அளவில் குறிக்கப்படுகிறது, விலையில் அல்ல. விலை ஏறினாலும் இறங்கினாலும் குறித்த அளவு அசையாது. பொருள் அருகிப்போனதால் வந்த எல்லை அல்ல அது; பொருள் எவ்வளவு கொட்டிக்கிடந்தாலும் தனக்கு இவ்வளவு என்று ஒருவர் வைத்துக்கொண்ட எல்லை. முடிவே இல்லாத மிச்சத்துக்கு முன்னால் நிற்பவர்களுக்குப் பொருந்தக்கூடியது இப்படிப்பட்ட எல்லை ஒன்றுதான். சுரங்கம் ஒன்றைத் தொடங்கும்போதே இன்ன ஆழம், இன்ன விளிம்பு, அதற்குப் பிறகு மூடுவோம், அடியில் என்ன மிஞ்சினாலும் மூடுவோம் என்று சட்டத்தில் எழுதி வைப்பதை நான் மனத்தில் வைத்திருக்கிறேன்.

விரதம் மனிதருக்கு உரியது, நிறுவனத்துக்கும் நாட்டுக்கும் ஏது ஆன்மா என்று கேட்கலாம். எல் சால்வடோர் 2017 மார்ச்சில் உலோகச் சுரங்கத் தொழில் முழுவதையும் சட்டம் போட்டுத் தடை செய்தது. நீரா பொன்னா என்ற கேள்வியில் நீரைத் தேர்ந்த நாடு என்று உலகம் அதைக் கொண்டாடியது. ஆகவே ஒரு நாடு தன் ஆசைக்கு அளவு குறிக்க முடியும். ஆனால் 2024 டிசம்பரில் அதே நாட்டின் நாடாளுமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. மண்ணுக்கடியில் கிடக்கும் செல்வத்தைப் பற்றிய பேச்சு அதற்கு முன்னால் பலமாக எழுந்தது. விரதம் நிற்காது என்பதற்கு இது சான்று என்று சிலர் சொல்வார்கள். சமணர் தங்கள் விரதங்களைப் பற்றி இப்படிப் பேசவில்லை. ஒவ்வொரு விரதத்துக்கும் எந்தெந்த வழியில் அது மீறப்படும் என்பதை அவர்களே பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். மீறியபின் திரும்பி வரும் வழியையும் வைத்திருக்கிறார்கள். மீறக்கூடியது என்பதால்தான் அது விரதம். மீறவே முடியாததை யாரும் விரதமாக எடுக்கத் தேவையில்லை. எல் சால்வடோரின் ஏழு ஆண்டுகளில் அந்த மலைகளுக்குள் பொன் இருக்கத்தான் செய்தது. இருக்கட்டும் என்று ஒரு நாடு அதை விட்டு வைத்திருந்தது என்பதை 2024ஆம் ஆண்டின் வாக்கெடுப்பு அழித்துவிட முடியாது.

பொன் இருப்பது தெரிந்தும் அதைத் தொடாமல் வைக்கும் பழக்கம் சுரங்கத் தொழிலுக்கே அந்நியமானதும் அல்ல. வைர ரம்பத்தால் அறுத்த பாறை உருளையின் ஒரு பாதிதான் அரைபடப் போகிறது என்று சொன்னேன். மறுபாதி தட்டிலேயே கிடக்கும். துளையின் எண்ணும் ஆழமும் எழுதி, அதைக் கிடங்கில் அடுக்கி வைப்பார்கள். இப்படிப்பட்ட உருளைகளைச் சேர்த்து வைக்க மேற்கு ஆஸ்திரேலிய அரசின் நிலவியல் துறை கால்கூர்லியிலேயே ஒரு கிடங்கு வைத்திருக்கிறது. நாளை வேறொருவர் வந்து பார்க்க வேண்டும், இன்று சொன்னது மெய்யா என்று சோதிக்க வேண்டும் என்பதற்காக அது அங்கே இருக்கிறது. ஐயம் எழுந்தால் அந்தப் பாதியையும் நெடுக்காக அறுத்து ஒரு கால்பங்கை எடுப்பார்கள். மீதிக் கால்பங்கு, அதிலுள்ள பொன்னோடு, தட்டுக்குத் திரும்பிவிடும்.